மேல்பல்லும் பன்னெண்டு பூநாரையும்

வெயில்ல ஏன் நிக்கிறீங்க டாக்டரம்மா, இப்படி பூவரசு நெழலுக்கு வாங்க. உங்க வண்டி வர இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும். வழியில டயர் பஞ்சராம், இப்பதான் பெனடிக்ட் சார் போன் பண்ணாரு. "புதுசா ஒரு பல் டாக்டரம்மா முன்னாடியே பஸ்ஸுல வந்து எறங்கிடுவாங்க வைரக்கண்ணு, கொஞ்சம் பாத்துக்க"ன்னாரு. அதான் ஓடியாந்தேன். அவசரத்துலயும் பேட்ஜை மறக்கல பாருங்க. படிங்க. 'ஊர் ஒருங்கிணைப்பாளர்.' உங்க தொண்டு அமைப்பு குடுத்ததுதான். பேரு மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்தா போட்டுட்டாங்க, அடுத்த தடவை பெருசா போடச் சொல்லியிருக்கேன்.

அந்தக் கல்லு மேல ஒக்காருங்க. நல்லா இருக்கும்.

நான் இந்த சங்கமேட்டு உப்பளத்துல இருபத்தஞ்சு வருஷமா மேஸ்திரி. இங்க எழுபது குடும்பம். எல்லாம் பாத்தியில எறங்கி உப்பு வாருற குடும்பந்தான். அதோ தெரியுது பாருங்க, வெள்ளை வெளேர்னு, வானம் தொடுற வரைக்கும் அதான் எங்க பொழப்பு. இன்னைக்கு எந்தப் பாத்தியில யாரு எறங்கணும், எப்ப கரையேறணும், எல்லாம் நான் சொல்றதுதான். நான் சொன்னா ஊரு கேக்கும். பெருமைக்குச் சொல்லல. அது அப்படிப் பழகிப்போச்சு.

உங்க ஆளுங்க இங்க வந்து மூணு வருஷம் ஆவுது. முதல்ல வந்தவரு பெனடிக்ட் சார்தான். ரயில்வேயில கார்டா இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்க புள்ளைங்க பள்ளிக்கொடம் போறதுக்கு நாலு மைல் நடக்கணும், நாலு நாள் போவும், பத்து நாள் போவாது. மூணாங்கிளாஸ் படிக்கிற புள்ளைக்குத் தன் பேரு எழுத வராது. அதைக் கேள்விப்பட்டு ஒரு ஞாயித்துக்கிழமை சைக்கிள்ல வந்து எறங்கினாரு. கையில ஒரு பச்சைக்கொடி, கழுத்துல ஒரு விசில். இந்த மனுசன் என்ன பண்ணப் போறாருன்னு நான் நெனைச்சேன். சங்கத்துக் கொட்டாயில புள்ளைங்களை உக்கார வச்சாரு. விசில் அடிச்சா பாடம் ஆரம்பம். பச்சைக்கொடி காட்டினா வீட்டுக்குப் போவலாம். அவ்வளவுதான், ஒரு புள்ள வீட்டுல நிக்கல. ஞாயித்துக்கிழமை காலையில விசில் சத்தம் கேட்டா சோத்துத் தட்டை அப்படியே போட்டுட்டு ஓடுதுங்க.

நானும் போய் பின்னாடி ஒக்காருவேன். ஒழுங்கு பாக்கறதுக்கு. எனக்குப் படிக்கத் தெரியும், ஏழாவது வரைக்கும் போயிருக்கேன். கதை கேக்கறதுக்காகப் போறேன்னு என் வீட்டுக்காரி செண்பகவல்லி சொல்லுவா. அவ சொல்றதை நம்பாதீங்க.

அந்தக் கூட்டத்துல பவளக்கொடின்னு ஒரு பொண்ணு. ஒம்பது வயசு. எங்க சிங்காரத்தோட மவ. சிங்காரம் என்கிட்ட வேலை பாக்குறவன், என்னை அண்ணேன்னு கூப்புடுவான், அதனால இது என்னைப் பெரியப்பாங்கும். எட்டே மாசத்துல எழுத்துக் கூட்டி, வார்த்தை கூட்டி, கடகடன்னு கதைப் புத்தகம் படிக்க ஆரம்பிச்சிட்டுது. டீக்கடையில மடிச்சுத் தர்ற பேப்பரைக்கூட விடாது. "பெரியப்பா, இதுல பாதியோட நின்னுபோச்சு, மீதி எங்க?"ன்னு கேக்கும். மீதிக்கு நான் எங்க போவேன்?

சரி, பல்லு கதைக்கு வர்றேன்.

போன வருஷம் தை மாசம் உங்க பல் வண்டி முதல் தடவையா வந்துச்சு. கூட பானு டாக்டரு. பாத்திருப்பீங்கல்ல? இத்துனூண்டு உருவம், ஆனா குரலு மட்டும் மைக் வச்ச மாதிரி. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமையை எங்க புள்ளைங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்காங்க. வண்டியில நாற்காலி, லைட்டு, சின்னச் சின்னக் கம்பி, எல்லாம் இருக்கு. புள்ளைங்க பயப்படுமேன்னு நான்தான் முன்ன நின்னு ஒவ்வொண்ணா ஏத்தினேன். "என்னடா பயம்? பெரியப்பாவைப் பாருங்க. நல்லபாம்பை வாலைப் புடிச்சுத் தூக்கிப் போட்டவன். பயம்னா எனக்கு என்னன்னே தெரியாது"ன்னேன். முப்பது புள்ளைங்க ஏறி எறங்குச்சு. ஆளுக்கொரு பிரஷ், ஆளுக்கொரு பேஸ்ட். அன்னைக்குச் சாயங்காலம் ஊரு பூரா வாயில நுரையோட திரியுது.

எல்லாம் முடிஞ்சு வண்டியைக் கட்டுறப்போ நான் எதுக்கோ சிரிச்சேன். பானு டாக்டரு என்னையே பாத்தாங்க. "அண்ணே, கொஞ்சம் வாயைத் தொறங்க. மேல எடதுபக்கம் கடைசிப் பல்லு ரொம்பக் கெட்டுப்போயிருக்கு போல. வலிக்கலையா?"

"வலியா? எனக்கா? சேச்சே"ன்னேன்.

"எடுத்துரலாம். அஞ்சு நிமிஷ வேலை. ஏறுங்க."

எனக்கு அன்னைக்குப் பாருங்க, பம்புசெட்டுல ஒரு அவசர வேலை. உடனே போவணும். போயிட்டேன். அடுத்த தடவை பாத்துக்கலாம்னு சொல்லிட்டுத்தான் போனேன்.

இப்பதான் வருது வில்லங்கம். அந்த வாரமே ஊருக்குள்ள ஒரு பேச்சு கெளம்பிருச்சு. மேல்பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு, மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிரும்னு. எவனோ ஒருத்தன் டீக்கடையில உக்காந்து சொல்லியிருக்கான். எங்க சனங்களைப் பத்திச் சொல்லணும் உங்களுக்கு. உப்புத்தரையில வெயில் பட்டுத் திருப்பி அடிக்கிற வெளிச்சம் இருக்கே, அது கண்ணை அரிச்சிரும். நாப்பது வயசுல பாதிப் பேருக்குப் பார்வை மங்கிரும். அதனால கண்ணுன்னு சொன்னா இங்க எல்லாருக்கும் பயம். சிங்காரத்தோட அண்ணன் கதிர்வேலுக்கு ரெண்டு கண்ணும் போச்சு. போறதுக்கு முந்தின வருஷம் அவன் ஒரு மேல்பல்லு பிடுங்கியிருந்தான். அதையும் எடுத்துச் சொல்லியிருக்கான் அந்த ஆளு. "கதிர்வேலைப் பாருங்கடா, பல்லு போச்சு, அடுத்த வருஷம் கண்ணு போச்சு, நான் என்ன பொய்யா சொல்றேன்?"ன்னு. நல்லா விலாவாரியா சொல்லியிருக்கான். படிக்காத சனங்க, எதைச் சொன்னாலும் நம்பிரும். என்ன பண்றது சொல்லுங்க.

ஏன் சிரிக்கிறீங்க? யாரு அந்த ஆளுன்னா? இருங்க, கதை ஓடுதுல்ல.

மாசி மாசம் வண்டி வந்துச்சு. ஒரு புள்ள ஏறல. ஒண்ணே ஒண்ணுகூட. பானு டாக்டரு கையில உறை மாட்டிக்கிட்டு வாசப்படியில ஒக்காந்திருக்காங்க, மணி பத்தாச்சு, பதினொண்ணாச்சு. தாய்மாருங்க எல்லாம் புள்ளைங்களை முந்தானையில மறைச்சுக்கிட்டுத் தூரத்துல நிக்குதுங்க. அதோட விட்டுச்சா? பெனடிக்ட் சாரோட பாடத்துக்கும் ஆளு கொறைஞ்சு போச்சு. அங்க விட்டா அப்படியே வண்டிக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்களோன்னு பயம். விசில் அடிக்கிறாரு, அடிக்கிறாரு, அஞ்சு பேருதான் வந்து ஒக்காருது. நான் ஆறு. அந்த மனுசன் அஞ்சு பேருக்கும் அம்பது பேருக்கு நடத்துற மாதிரி நடத்தினாரு. கொடியை மடிச்சு வைக்கிறப்போ மட்டும், "என்ன தப்பு பண்ணோம் வைரக்கண்ணு?"ன்னு கேட்டாரு. எனக்கு என்ன தெரியும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரிச் சோறு எனக்கு எறங்கல. பல்லு வலியினால. வேற ஒண்ணுமில்ல.

வராத புள்ளைங்கள்ல பவளக்கொடியும் ஒண்ணு. ரெண்டு ஞாயிறா காணும். மத்த புள்ளைங்க வராட்டி பரவாயில்ல, இது வராம இருக்காதே. புதன்கிழமை வேலை முடிஞ்சதும் சிங்காரம் வீட்டுக்குப் போனேன். வாசல்ல அவன் பொண்டாட்டி தெய்வானை. மூஞ்சியே சரியில்ல. "உள்ள வந்து பாருங்க மாமா"ன்னுச்சு.

பாய்ல படுத்திருக்கு புள்ள. எடது கன்னம் பன்னு மாதிரி வீங்கி, வீக்கம் மேல ஏறி, அந்தப் பக்கத்துக் கண்ணை மூடிருச்சு. ஒடம்பு அனலா கொதிக்குது. நாலு நாளா கஞ்சித் தண்ணிதான் எறங்குதாம். தலைமாட்டுல கதைப் புத்தகம் தெறந்தபடி கெடக்கு.

"பல்லு மாமா. மேல்பல்லு. பொத்தலாயிருந்துச்சு, அடுத்த மாசம் எடுக்கலாம்னு டாக்டரு சொன்னாங்க, இப்ப சீழ் வச்சிருக்கு"ங்குது தெய்வானை.

எனக்குக் கோவம் வந்துருச்சு. "அறிவிருக்கா உங்களுக்கு? போன ஞாயிறு வண்டி வாசல்ல வந்து நின்னுச்சே, ஏன் காட்டல?"

தெய்வானை தலையைக் குனிஞ்சுக்கிச்சு. சிங்காரம் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். அப்ப இந்தப் புள்ள, பாய்ல படுத்தவாக்குல, தெறந்திருந்த ஒரு கண்ணால என்னைப் பாத்துச்சு. வாயைச் சரியா அசைக்கக்கூட முடியல அதுக்கு.

"நீங்கதானே பெரியப்பா சொன்னீங்க? மேல்பல்லை எடுத்தா கண்ணு போயிரும்னு."

கொறையா சொல்லலீங்க டாக்டரம்மா. பாடத்துல சந்தேகம் கேக்குமே, அந்த மாதிரிதான் கேட்டுச்சு.

ஆமா. நான்தான். டீக்கடையில. இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல, விடுங்க.

நான் வேணும்னு சொல்லல. செண்பகவல்லி என்னைப் போட்டுக் கொடைஞ்சா, "டாக்டரு சொல்லியும் ஏன் பல்லை எடுக்கல, பயமா?"ன்னு. டீக்கடையில நாலு பேருக்கு முன்னாடி கேட்டுட்டா. அந்த நேரத்துக்கு வாயில வந்ததைச் சொன்னேன். ஒரு காரணம் சொல்லணும்ல? நல்ல காரணமாத்தான் பட்டுச்சு. ரெண்டாவது தடவை சொல்றப்போ எனக்கே உண்மைன்னு தோணிருச்சு. மூணாவது தடவை கதிர்வேலைச் சேத்துக்கிட்டேன்.

"அட, அது சும்மா சொன்னதுடா சிங்காரம். நம்பாதே. தூக்கு புள்ளையை, ஆஸ்பத்திரிக்குப் போவோம்"னேன்.

அவன் நவுரல. "இல்லண்ணே. நீங்க யோசிக்காமச் சொல்ல மாட்டீங்க. இப்ப அவங்க பேட்ஜ் குடுத்துட்டாங்க, அதனால மாத்திச் சொல்றீங்க. எங்கண்ணன் குருடாகி மூலையில ஒக்காந்திருக்கறதை நான் தெனம் பாக்கறேன். இந்தப் புள்ள ஒண்ணுதான் எங்க வம்சத்துலயே படிக்கிறது. கண்ணு போச்சுன்னா எதை வச்சுப் படிக்கும்?"

இருபத்தஞ்சு வருஷமா நான் சொன்னதை எல்லாம் கேட்டவன். முதல் தடவையா மாட்டேங்கறான். அதுவும் நான் சொன்னதை நம்பி.

வெளிய வந்து பானு டாக்டருக்குப் போன் போட்டேன். வீக்கம் கண்ணு வரைக்கும் வந்துருச்சுன்னு சொன்னதும் அவங்க குரலே மாறிப்போச்சு. "அண்ணே, நல்லாக் கேளுங்க. பல்லை எடுத்தா கண்ணுக்கு ஒண்ணும் ஆவாது. எடுக்காம விட்டாத்தான் அந்தச் சீழ் கண்ணுக்கும் போவும், அதைத் தாண்டி மூளைக்கும் போவும். நாளைக்கு வரைக்கும் காத்திருக்க முடியாது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

"அவன் விடமாட்டேங்கறான் டாக்டரே."

"அப்ப நான் வர்றேன்."

வந்தாங்க. லீவு சொல்லிட்டு, பெனடிக்ட் சாரையும் ஏத்திக்கிட்டு, ஒரு மணி நேரத்துல வண்டி இதே பூவரசு மரத்தடியில நிக்குது. சூரியன் சாய இன்னும் நேரம் இருந்துச்சு. வேலை முடிஞ்சு எல்லாரும் வீட்டுல இருந்த சமயம். ஊரே கூடிருச்சு. சிங்காரம் புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான், ஆனா பத்தடி தள்ளியே நிக்கிறான். பானு டாக்டரு சொல்றாங்க, பெனடிக்ட் சார் கையெடுத்துக் கும்புடுறாரு. அவன் மாட்டேன்னு மண்டைய ஆட்டுறான். தெய்வானை அழுவுது.

கடைசியா என்னைப் பாத்துத் திரும்பினான். "அண்ணே, உங்களுக்கும் மேல்பல்லுதானே கெட்டிருக்கு? நீங்க எடுத்துக்குங்க. இப்பவே. என் கண்ணு முன்னாடி. உங்க கண்ணு நல்லாயிருந்தா என் புள்ளையைத் தர்றேன்."

கூட்டம் பூரா என்னைப் பாக்குது. செண்பகவல்லியும் நிக்கிறா, இடுப்புல கை வச்சுக்கிட்டு.

நான் யோசிக்கவே இல்ல. உடனே சரின்னுட்டேன். கொஞ்ச நேரம் ஆச்சுன்னு பெனடிக்ட் சார் சொல்லுவாரு, அவருக்கு ரயில்வே டைம்ல பாத்தே பழக்கம்.

வண்டிக்குள்ள வேண்டாம், எல்லாருக்கும் தெரியணும்னு நாற்காலியை வெளிய எறக்கிப் போட்டாங்க. ஒக்கார்றதுக்கு முன்னாடி ஊரைப் பாத்துச் சொன்னேன். "கேட்டுக்குங்க. கண்ணு போயிரும்னு சொன்னது நான்தான். எனக்கு நாற்காலியில ஒக்காரப் பிடிக்கல, அதுக்காகச் சொன்னேன். அது பொய். தப்பு என்னுது." இப்ப உங்ககிட்ட வேகமாச் சொல்லிட்டேன். அன்னைக்கு வாயில வர்றதுக்கு ரொம்ப நேரம் புடிச்சுது. இந்த மேஸ்திரி வேலைக்கு வந்த நாள்லேந்து அந்த வார்த்தையை நான் சொன்னதில்ல. உடனே டீக்கடைக்காரரு, "அட, எனக்கு அப்பவே தெரியும்"னாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது.

ஒக்காந்துட்டேன். பானு டாக்டரு ஊசியை எடுத்தாங்க. அந்த ஊசியைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா. அவ்வளவு நீளம் அவசியமா? சும்மா தெரிஞ்சுக்கத்தான். நாற்காலி கொஞ்சம் ஆடுச்சு. மண்ணு சமமில்ல, அதான். "அண்ணே, நாற்காலியை ஆட்டாதீங்க"ன்னாங்க. நான் ஆட்டல.

அப்ப என் கட்டைவெரலை யாரோ புடிச்சாங்க. பாத்தா பவளக்கொடி. அப்பன் தோள்லேந்து எறங்கி வந்து நிக்குது. கன்னம் அப்படி வீங்கியிருக்கு, காய்ச்சல்ல கை சுடுது. "கண்ணை மூடிக்குங்க பெரியப்பா. நூறு வரைக்கும் எண்ணுங்க. பெனடிக்ட் சார் ஊசிக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு"ங்குது. நானும் எண்ணினேன். அதுக்காகத்தான் எண்ணினேன், புள்ள மனசு நோகக்கூடாதுல்ல. அறுபத்தி நாலுல பல்லு வெளிய வந்துருச்சு. வலியே இல்ல. சத்தியமா. ஆனா கண்ணுல தண்ணி கொட்டுச்சு. இங்க உப்புக்காத்து அப்படி.

பஞ்சை வச்சு, இறுக்கிக் கடிச்சுக்குங்கன்னாங்க. சிங்காரம் கிட்ட வந்தான். முதல்ல என் ரெண்டு கண்ணையும் விரிச்சு விரிச்சுப் பாத்தான். அப்புறம் தெக்குப் பக்கம் கடைசிப் பாத்தியைக் காமிச்சான். அங்க பூநாரைக் கூட்டம் எறங்கியிருந்துச்சு, இங்கேந்து பாத்தா சோத்துப் பருக்கை மாதிரி இருக்கும்.

"எத்தனை நிக்குது சொல்லுங்க."

எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. பன்னெண்டு. அதுல ஒண்ணு ஒத்தக்கால்ல நிக்குது. சொல்லலாம்னு வாயைத் தொறந்தா, பாதி வாயி மரத்துப்போயிருக்கு, மீதி வாயில பஞ்சு. "ஹ்ன்னெந்து"ன்னு வருது.

"என்னண்ணே?"

"ஹ்ன்னெந்து! ஒந்நு ஒத்தக்காந்நு!"

கூட்டத்துல ஒருத்தி, "ஐயோ, கண்ணு தப்பிச்சுது, நாக்கு போச்சு!"ன்னு கத்தினா பாருங்க. அவ்வளவுதான், புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு நாலு பேரு ஓட ஆரம்பிச்சிட்டாங்க. பானு டாக்டரு அந்த மைக் கொரல்ல, "நில்லுங்க! மருந்து வேகம், ரெண்டு மணி நேரத்துல சரியாயிரும்!"னு கத்துறாங்க. யாரு கேக்கறா? பெனடிக்ட் சார் விசிலை எடுத்து ஒரே ஊது. ஊரு அப்படியே நின்னுச்சு.

நான் மண்ணுல குந்தி, வெரலால எழுதினேன். பன்னெண்டுன்னு எழுதி, பக்கத்துல ஒத்தக்கால் பறவை ஒண்ணும் வரைஞ்சேன். சிங்காரத்துக்குப் படிக்கத் தெரியாது. பவளக்கொடிதான் ஒரு கண்ணால குனிஞ்சு பாத்து, "பன்னெண்டுப்பா"ன்னு படிச்சுச் சொல்லுச்சு. அவன் வெரல் விட்டு எண்ணினான். ஒண்ணு, ரெண்டுன்னு, அவனுக்கே கொஞ்சம் மங்கல்தான், கண்ணை இடுக்கி எண்ணினான். என் எடது கண்ணைப் பொத்திட்டு இன்னொரு தடவை கேட்டான். வலது கண்ணைப் பொத்திட்டும் கேட்டான். ரெண்டு தடவையும் நான் பத்து வெரலும் ரெண்டு வெரலும் காட்டினேன்.

அப்புறம் புள்ளையைத் தூக்கிட்டுப் போய் அவனே நாற்காலியில ஒக்கார வச்சான்.

பானு டாக்டரு நெத்தியில வேர்வை. அந்தச் சின்ன வாயி முழுசாத் தொறக்கக்கூட இல்ல. நான் ஒரு கையைப் புடிச்சுக்கிட்டேன், சிங்காரம் ஒரு கை. புள்ள எண்ணுது, சத்தம் வெளிய வரல, தொண்டைக்குள்ளயே எண்ணுது. பல்லு வந்துச்சு, கூடவே சீழு. துடைச்சு, மருந்து போட்டு, அதே வண்டியில நாகப்பட்டினம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஊசி மருந்து ஏத்திப் பாத்துக்கணும்னு. சிங்காரமும் தெய்வானையும் ஏறினாங்க, நானும் ஏறிட்டேன். பேட்ஜ் இருக்குல்ல, போவணும்ல.

ரெண்டு நாள் வீக்கம் அப்படியே கெடந்துச்சு. அந்த ரெண்டு நாளும் நான் எப்படி இருந்தேங்கறதை விடுங்க. சிங்காரம் என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும். ஆஸ்பத்திரி வராண்டாவுல எனக்கு டீ வாங்கியாந்து குடுத்தான். "பல்லு எடுத்த வாயி, ஆத்திக் குடிங்கண்ணே"ன்னான்.

மூணாம் நாள் காலையில தெய்வானை வராண்டாவுக்கு ஓடியாருது. உள்ள போனோம். கன்னம் வத்தியிருக்கு. மூடியிருந்த கண்ணு, ரப்பையில கொஞ்சம் வீக்கம் மிச்சமிருக்கு, ஆனா தெறந்திருக்கு. பானு டாக்டரு நல்லா இருந்த கண்ணைக் கையால பொத்தி, சுவத்துல எழுதியிருந்ததைக் காமிச்சாங்க. "படி பாக்கலாம்."

பவளக்கொடி படிச்சுது. "இங்கு எச்சில் துப்பாதீர்."

சிங்காரம் அந்த எழுத்தையே பாத்துக்கிட்டு நின்னான். "இன்னொரு தடவை படிம்மா"ன்னான். படிச்சுது. "இன்னொரு தடவை." அதுவும் படிச்சுது. பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான், மூஞ்சியைத் துண்டால தொடைச்சுக்கிட்டே. நான் சன்னல் பக்கம் போயிட்டேன். அங்கயும் கொஞ்சம் உப்புக்காத்து அடிச்சுது.

பங்குனியில வண்டி வந்தப்போ வரிசை இந்த மரத்துலேந்து சங்கத்துக் கொட்டாய் வரைக்கும் நின்னுச்சு. புள்ளைங்க மட்டுமில்ல, பெருசுங்களும். கதிர்வேலையும் கைப்புடிச்சுக் கூட்டியாந்தான் சிங்காரம். அவனைப் பாத்துட்டு பானு டாக்டரு தெரிஞ்ச கண் டாக்டரு ஒருத்தரைக் கூட்டியாந்தாங்க. ஒரு கண்ணுல ஆபரேஷன் பண்ணிக் கொஞ்சம் வெளிச்சம் வந்திருக்கு இப்ப. உப்புல எறங்குறவங்க எல்லாருக்கும் கருப்புக் கண்ணாடியும் வந்துச்சு. அதைப் போட்டுக்கிட்டு எங்க பொம்பளைங்க வரிசையா பாத்தியில எறங்குறதை நீங்க பாக்கணும். செண்பகவல்லி அதைச் சந்தைக்கும் போட்டுட்டுப் போறா.

பவளக்கொடி ஆஸ்பத்திரியிலேந்து வந்து மூணு வாரம் கழிச்சுத்தான் பாடத்துக்கு வந்துச்சு. அன்னைக்குக் கொட்டாய் ரொம்பி வழிஞ்சுது. பெனடிக்ட் சார் விசில் அடிச்சு ஆரம்பிச்சாரு. எல்லாரும் மனசுக்குள்ள வாசிக்கணும், சத்தமே வரக்கூடாதுன்னுட்டாரு. ஊசி விழுந்தா கேக்கும், அப்படி இருக்கு. அந்த அமைதியில எங்கேந்தோ ஒரு சத்தம். கடக். முடக். கடக். முடக்.

"யாரது?"ன்னாரு சார். விசில் உதட்டுக்குப் போயிருச்சு.

பவளக்கொடி எந்திரிச்சு நின்னுது. வாய் நெறைய வறுத்த கடலை. அம்மா மடியில கட்டி விட்டிருக்கு. ஒரு வருஷமா பல்லு வலியில கடலை மெல்லாத புள்ள டாக்டரம்மா, பொறுக்க முடியல போல. பதில் சொல்லவும் முடியாம, முழுங்கவும் முடியாம, கண்ணை உருட்டிக்கிட்டு நிக்குது.

சார் விசிலை மெதுவா எறக்கினாரு. "எந்தப் பக்கத்தால மெல்லுறே?"ன்னு கேட்டாரு.

அது எடது கன்னத்தைத் தொட்டுக் காமிச்சுது. அப்புறம் வலது கன்னத்தையும் தொட்டுக் காமிச்சுது.

"சரி. நிதானமா மென்னு முழுங்கு. நாங்க இருக்கோம்"னாரு.

புத்தகத்தை மடியில மூடி வச்சுக்கிட்டு, நாப்பத்தோரு புள்ளைங்களும், அவரும், பின்னாடி நானும், அது மென்னு முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தோம்.